பச்சிளங் குழந்தைக்கு எத்தனை உடுப்பு?



நெல்லை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதமே இம்மாதம் இப்பக்கத்திற்குப் பொருளாயிற்று. அவருக்குத் தலைப்பிரசவம். சித்திரைக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு உடுப்பு எடுப்பதில் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டனவாம். உம்மா, ‘கடையில் எதுவும் வாங்க வேண்டா, வாப்பாவின் பழைய வேட்டிகள் நான்கைக் கிழித்தால் போதும்’ என்கிறார். மாமியோ, ‘ஸ்வெட்டரும் குல்லாவும் காலுறையும் இல்லாமல் பேரப்பிள்ளையை எப்படிக் கையில் ஏந்துவது?’ என்று வருந்துகிறார். சஃபரில் இருக்கும் கணவர் இவர்கள் இருவரையும் கேளாமலேயே இரண்டு அட்டைப் பெட்டிகள் நிறைய உடுப்புகளை அனுப்பி வைத்துவிட்டார். ‘பிறந்த பிள்ளைக்கு உண்மையில் எவ்வளவு உடுப்பு வேண்டும்? நான் யார் சொல்வதைக் கேட்பது?’ என்பது சகோதரியின் வினா.

கேட்பதற்குச் சிறிய வினாவாகத் தோன்றும். ஆயின் பசித்தால் அழத் தெரிந்த பிள்ளைக்குப் புழுங்குகிறது என்றோ குளிர்கிறது என்றோ தெளிவாகச் சொல்லத் தெரியாது. போர்வையை உதறவும் தெரியாது. இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் தெரியாது. நாம் உடுத்துவதுதான் அதற்கு விதி. நான் மருத்துவம் படித்தவள் அல்லேன். கல்லூரியில் இலக்கியம் படித்துவிட்டு, மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவள். எனினும் என்னிடம் ஓதிய பெண்கள் மணமாகிப் பிள்ளைகளோடு வந்து காட்டும்பொழுது, ஸலாம் சொன்ன கையோடு நான் முதலில் தொட்டுப் பார்ப்பது பிள்ளையின் பிடரியைத்தான். பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு அங்கே வியர்வை கசிந்து துணி நனைந்திருக்கும். ஆகவே இவ்விஷயத்தில் மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதத் துணிகிறேன்.

முதலில் பிள்ளையின் உடல் எத்தகையது என்று பார்ப்போம். தாயின் வயிற்றில் ஏறத்தாழ 37 டிகிரிச் சூட்டில் பத்து மாதமும் ஒரே சீராக இருந்த உடல் அது. வெளியே வந்தவுடன் ஈரத்தோடு காற்றில் படுகிறது. நம் உடலின் எடைக்கும் தோலின் பரப்புக்கும் உள்ள விகிதம் ஒன்று. பிள்ளைக்கு உள்ளது வேறு. எடையோடு ஒப்பிட அதன் தோல் நம்முடையதைப் போல் இருமடங்குக்கு மேல் பரந்தது. வெப்பம் அத்தனை வழியாகவும் வெளியேறுகிறது. தலை மட்டுமே உடற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். குளிர்ந்தால் நமக்கு உடல் நடுங்கும். அந்நடுக்கமே நமக்குச் சூட்டைத் தருகிறது. பச்சிளம் பிள்ளையால் அவ்வாறு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ள இயலாது. அதற்குப் பதிலாகத் தோள்பட்டைகளின் நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒருவகைக் கொழுப்பை எரித்துச் சூடேற்றிக்கொள்கிறது. இந்தக் கொழுப்பு பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் சேர்கிறது. ஆகவே குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பும் குறைவு. மறுபுறம், வெயிலில் நம்மைக் காக்கின்ற வியர்வை பிள்ளைக்கு இன்னும் சரிவரத் தொழிற்படத் தொடங்கவில்லை. எனவே சூட்டையும் அதனால் தாங்க முடியாது. குளிரையும் தாங்க முடியாது. மாமியின் அச்சத்திலும் நியாயம் உண்டு. உம்மாவின் சிக்கனத்திலும் நியாயம் உண்டு. எந்த நியாயம் எந்த நேரத்திற்கு உரியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குளிரின் ஆபத்து முதல் மணி நேரங்களில் மிகுதி. அப்பொழுது பிள்ளைக்கு வேண்டியது உடுப்பு அன்று, துவட்டுதல். தலை முதல் கால் வரை நன்றாக ஈரம் ஒற்றி எடுத்து, நனைந்த அந்தத் துணியை அகற்றிவிட்டு, தாயின் மார்பில் தோலோடு தோல் படுமாறு கிடத்தி, இருவர் மீதும் வேறொரு உலர்ந்த துணியைப் போர்த்தித் தலைக்குக் குல்லா இடுவது. ஒரு மணி நேரமாவது பிள்ளை அங்கேயே இருக்கலாம். பாலும் அங்கேயே குடிக்கத் தொடங்கும். பிறந்தவுடன் குளிப்பாட்டும் வழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் விலக்கச் சொல்கிறது. குறைந்தது 24 மணி நேரமாவது கழியட்டும் என்பது அதன் அறிவுரை. பிள்ளையின் மேல் படிந்திருக்கும் வெண்மையான மாவு போன்ற பூச்சு அழுக்கு என்று நம் பெண்கள் எண்ணுகிறார்கள். அது தோலுக்குக் காவல்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பிள்ளையின் காதில் பாங்கு சொல்வதற்கு முன் குளிப்பாட்டியாக வேண்டும் என்று சில வீடுகளில் அவசரப்படுத்துகிறார்கள். மார்கழிக் காலை ஆறு மணிக்குப் பிறந்த பிள்ளையை அதற்காகவே தண்ணீரில் நனைத்த கதையும் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு நிபந்தனை மார்க்கத்தில் இல்லை. துவட்டித் துணி சுற்றிய பிள்ளையின் காதில் தாராளமாகப் பாங்கு சொல்லலாம். தாயின் மார்பில் கிடக்கும்போதே வாப்பா குனிந்து சொன்னாலும் அது பாங்குதான்.

எடை குறைந்த பிள்ளைகளின் செய்தி தனி. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கும் பிள்ளைக்கு எத்தனை உடுப்பு அடுக்கினாலும் போதாமற்போகலாம். ஏனெனில் உடுப்பு சூட்டை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. உள்ளே சூடு இல்லாத பிள்ளைக்கு ஐந்து போர்வை சுற்றினாலும் அது குளிர்ந்தேதான் கிடக்கும். 1978-இல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுத் தலைநகரான பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய மருத்துவமனையில் சூட்டுப் பெட்டிகள் போதவில்லை. குறைமாதப் பிள்ளைகளை அவர் தாய்மார்களின் மார்பிலேயே கட்டி வைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்ற முறையாதலால் அப்பெயரே அதற்கு நிலைத்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அது கற்பிக்கப்படுகிறது. அப்பிள்ளைக்கு உடுப்பு எவ்வளவு தெரியுமா? ஒரு குல்லா, ஓர் இடுப்புத் துணி, காலுறை. அவ்வளவே. மற்றதெல்லாம் உம்மாவின் மேனி தருகின்ற சூடு. உம்மாவுக்கு உடல்நலம் இல்லையெனில் வாப்பாவோ உம்மம்மாவோ சுமக்கலாம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிப் பகுதிக் கிராமங்களில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் 1990-களில் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பிள்ளையை எடை போடுவது, தொட்டுச் சூடு பார்ப்பது, சிறிய பிள்ளைகளைக் கதகதப்பாக வைப்பது, நோய்த்தொற்றை முளையிலேயே கண்டுகொள்வது ஆகியன அவர்கள் கற்ற பாடங்கள். பிறந்த ஒரு மாதத்திற்குள் இறக்கும் பிள்ளைகளின் தொகை, திட்டம் நடவாத கிராமங்களோடு ஒப்பிட 62 விழுக்காடு குறைந்தது என்று 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர்கள் எழுதினார்கள். உடுப்பு மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆயினும் எழுத்தறிவு குறைந்த பெண்ணின் புறங்கை கூட ஒரு பிள்ளையைக் காக்கும் கருவியாகும் என்பதை அந்தக் கிராமங்கள் காட்டின. 2011 முதல் நாடு முழுவதும் நடைபெறும் வீட்டுப் பராமரிப்புத் திட்டம் அவ்வழி வந்ததுதான். உங்கள் தெருவுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். தொட்டுப் பார்க்கும் முறையைச் சொல்லித் தருவார்.

அம்முறை இதுதான். உங்கள் புறங்கையால் முதலில் பிள்ளையின் வயிற்றைத் தொடுங்கள். அடுத்து உள்ளங்காலைத் தொடுங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் பிள்ளை நலமாக உள்ளது, உடுப்பு சரி. வயிறு சூடாகவும் கால் சில்லென்றும் இருந்தால் குளிர் தொடங்கிவிட்டது. ஓர் அடுக்குத் துணி கூட்டுங்கள், அல்லது மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். வயிறும் காலும் இரண்டுமே சில்லிட்டிருந்தால் அது ஆபத்து. உடனே தோலோடு தோலாக அணைத்துப் போர்த்திக்கொண்டு, அப்படியே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். சுடுநீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைப்பதும், அறைக்குள் கரி நெருப்புச் சட்டி வைப்பதும் கூடவே கூடா. முன்னது தோலைப் பொசுக்கும். பின்னதன் நச்சுப் புகை தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வாங்கிவிடும். பிறந்த ஓரிரு நாள்களில் கைவிரல் நுனி மட்டும் சற்று நீலம் பாய்ந்து குளிர்ந்திருப்பது பல பிள்ளைகளிடமும் காண்பதே; உதடும் நாவும் சிவந்திருந்தால் அதற்காக அஞ்ச வேண்டா.

இனிப் புழுக்கத்திற்கு வருவோம். நம் சமவெளி ஊர்களில் நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த பிள்ளைகள் குளிரால் படும் துன்பத்தை விட, நாம் அடுக்கும் துணியால் படும் துன்பமே அதிகம் என்பது நான் கண்ணாரக் கண்டது. என்னிடம் ஓதிய பெண் ஒருத்தி வைகாசியில் பிள்ளை பெற்றாள். பேறுகால அறையின் ஜன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன. மின்விசிறி போடக் கூடாது என்பது வீட்டின் கட்டளை. பிள்ளைக்குப் பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, குல்லா, கையுறை, காலுறை, எல்லாவற்றையும் சுற்றி ஒரு பூந்துவாலை. பன்னிரண்டாம் நாள் பிள்ளை கொதித்தது; பால் குடிக்கவும் சோர்ந்தது; காலையிலிருந்து துணி நனையவேயில்லை. மருத்துவமனையில் சேர்த்து, அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்தி, எல்லாப் பரிசோதனைகளும் செய்தார்கள். நோய்த்தொற்று எதுவும் காணப்படவில்லை. உடுப்பைக் களைந்து, காற்றோட்டமான இடத்தில் கிடத்தி, அடிக்கடி பால் கொடுத்ததில் பிள்ளை தேறியது. அல்ஹம்துலில்லாஹ்! அந்த இரண்டு நாளும் அப்பெண் அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

எனவே பிள்ளையின் பிடரியையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தாலோ, முகம் செக்கச் சிவந்திருந்தாலோ, மூச்சு வேகமாக வந்தாலோ, கழுத்து மடிப்பில் வேர்க்குரு அரும்பினாலோ உடுப்பு மிகுதி என்று பொருள். ஓர் அடுக்கைக் குறைத்துப் பால் கொடுங்கள். அக்குளில் வைத்துப் பார்க்கும் வெப்பமானியில் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இயல்பு. மூன்று மாதத்திற்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால், ‘துணி போர்த்தியதால்தான்’ என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கலாகாது. துணியைக் களைவதும் மருத்துவரிடம் கொண்டு செல்வதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

உறங்கும் பிள்ளைக்கு மிகைச் சூடு வேறொரு வகையிலும் தீங்கு. நோய் ஒன்றும் இல்லாத பிள்ளை உறக்கத்திலேயே இறந்துபோகும் கொடுமைக்கு, குப்புறக் கிடத்துவதும் தலை வரை போர்த்தி உடலைச் சூடேற்றுவதும் துணை செய்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பிரிட்டனில் 1991-இல், பிள்ளைகளை மல்லாக்கக் கிடத்துங்கள், மிகையாகப் போர்த்தாதீர்கள் என்று நாடு தழுவிய பரப்புரை செய்தனர். சில ஆண்டுகளுக்குள் அத்தகைய இறப்புகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. நம் சேலைத் தொட்டிலின் மேல் கொசுவுக்காகவும் வெளிச்சத்திற்காகவும் கனத்த துணியைப் போர்த்தி மூடிவிடுகிறோமே, அதையும் இத்தோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். கொசுவுக்கு வலை இருக்கிறது.

‘எங்கள் காலத்தில் இப்படித்தான் சுற்றினோம், பிள்ளைகள் வளரவில்லையா?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களை எதிர்த்துப் பேசுவது அழகன்று. அவர்கள் சொல்வது முழுவதும் பிழையுமன்று. அவர்கள் காலத்து வீடு ஓலைக் கூரையும் ஓடும் வேய்ந்தது. வாடைக் காற்று இண்டு இடுக்கெல்லாம் நுழையும். பிள்ளைகள் பலவும் எடை குறைந்தே பிறந்தன. அந்த வீட்டுக்கு அந்தப் போர்வை பொருத்தம். இன்றைய கான்கிரீட் வீடு பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் அதைக் கக்குகிறது. அதே போர்வையை இங்கே போர்த்தினால் எப்படி?

பொதுவான அளவு ஒன்று சொல்வதானால், நாம் எத்தனை அடுக்கு உடுத்தி வசதியாக இருக்கிறோமோ அதை விட ஓர் அடுக்கு, குளிர் மிகுந்தால் இரண்டு அடுக்குக் கூடுதல் என்பதே. சித்திரை, வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் மேலப்பாளையத்திலும் நாமே மெல்லிய பருத்தியைத் தாங்க மாட்டாமல் தவிக்கும்பொழுது, பிள்ளைக்கு இடுப்புத் துணியும் கையில்லாத மெல்லிய ஜப்லா ஒன்றும் போதும். உச்சிப் பொழுதில் இடுப்புத் துணி மட்டும் இருந்தாலும் குற்றமில்லை. மின்விசிறி ஓடலாம், காற்று நேரே பிள்ளையின் மேல் வீசாமல் இருந்தால் சரி. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் வெயில் சற்றுக் குறைந்தாலும் ஈரக்காற்றில் வியர்வை உலராது. அங்கேயும் இதே உடுப்புத்தான். ஐப்பசி கார்த்திகை மழையிலும் மார்கழி விடியலிலும் முழுக்கைச் சட்டை, அதன் மேல் பருத்தித் துணிச் சுற்று, வெளியே எடுக்கும்போது குல்லா. ஊட்டி, குன்னூர், வால்பாறையில் இருப்பவர்களுக்கே கம்பளி ஸ்வெட்டர் உண்மையான தேவை. அதுவும் நேரே தோலில் படாமல் உள்ளே பருத்திச் சட்டை இருக்க வேண்டும்.

குளிர்பதனம் செய்த அறையில் 26 அல்லது 27 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். முழுக்கைச் சட்டையும் மெல்லிய சுற்றுத் துணியும் அங்கே பொருந்தும். ஆனால் அந்த அறையை விட்டு முற்றத்துக்குப் பிள்ளையைக் கொண்டு வரும்போது அந்தச் சுற்றை அவிழ்க்க மறவாதீர்கள். பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்.

ஏழாம் நாள் அகீகாவுக்கு முடி இறக்கிய பின், தலை வெறுமையாகிவிடுகிறது. முடியின் எடைக்கு வெள்ளி தருமம் செய்வதை நினைவில் வைப்பவர்கள், மொட்டைத் தலையைப் பற்றியும் ஒரு கணம் நினைக்க வேண்டும். குளிர் நாளாயின் இரண்டொரு நாளைக்கு மெல்லிய பருத்திக் குல்லா இடலாம். கோடையில், உறங்கும் பிள்ளைக்குக் குல்லா வேண்டா. அது நழுவி மூக்கை மூடும் இடர் வேறு. அந்த நாளுக்கென்று எடுக்கிறார்களே சம்கி தைத்த வெல்வெட் சட்டை! விருந்தினர் பார்த்து மகிழ அரை மணி நேரம் உடுத்தலாம், பிறகு கழற்றிவிடுங்கள். அந்தச் சம்கியின் முனை பிள்ளையின் கழுத்தில் கீறிய கோடுகளைப் பார்த்தவர்கள் அதை இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள். பிள்ளையின் உடுப்பில் அத்தர் பூசுவதையும், சாம்பிராணிப் புகையில் துணியைக் காட்டி உடுத்துவதையும் கூட விட்டுவிடுவது நன்று. அந்தச் சிறு மூக்குக்கு உம்மாவின் வாசம் போதும்.

இனி எண்ணிக்கை. நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளை, முதல் வாரம் கழிந்த பின் ஒரு நாளைக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்கும், மலம் வேறு. ஆக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு இடுப்புத் துணி மாறும். இன்று துவைத்தது நாளை உலர்ந்து வரும் வரை மாற்று வேண்டுமாதலால் 24 துணி கையிருப்பில் இருக்கட்டும். மழைக் காலத்தில் பிறக்கும் பிள்ளையாயின் 36. இவற்றுக்குப் பழைய வேட்டியைப் போல் வேறொன்று கிடையாது. நூறு முறை துவைத்து, கஞ்சியும் சாயமும் போய்ப் பஞ்சாகிவிட்ட துணி அது. இவ்விடத்தில் உம்மாவின் கட்சியே வெல்கிறது. ஜரிகைக் கரையை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள். ஜப்லா ஆறு முதல் எட்டு. பக்கத்தில் நாடா முடிந்து கட்டுவதாக இருந்தால் தலை வழியாக மாட்டும் தொல்லை இல்லை. சுற்றுவதற்கு மெல்லிய பருத்தித் துணி நான்கு, துவட்டும் துண்டு இரண்டு, குல்லா இரண்டு, காலுறை இரண்டு இணை, முழுக்கைச் சட்டை மூன்று. பயணத்துக்கும் மருத்துவமனைக்குப் போய் வரவும் டயப்பர் உதவும். அதை நாள் முழுவதும் மாட்டி வைப்பதில்லை. இதற்கு மேல் வாங்குவது பிள்ளைக்காக அன்று, நம் ஆசைக்காக. ஆசைப்படுவது பாவமன்று, அளவு தெரிந்து ஆசைப்படலாம்.

அளவு என்றதும் அட்டைப் பெட்டிகள் நினைவுக்கு வருகின்றன. பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் இருக்கும் பிள்ளை மூன்று மாதத்தில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆகிவிடும். எடை ஐந்து மாதத்தில் இருமடங்கு, ஓராண்டில் மும்மடங்கு. ஆகவே ‘பிறந்த பிள்ளை அளவு’ என்று எழுதிய உடுப்பு நான்கு வாரம், மிஞ்சினால் ஆறு வாரம் உழைக்கும். பெட்டியில் வந்தவற்றுள் அந்த அளவில் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை இப்போதே பிள்ளை பெற்றிருக்கும் ஏழை வீட்டுக்குப் புதிதாகவே கொடுத்துவிடலாம். ஆறு மாத அளவில் உள்ள கனத்த உடுப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். சித்திரைக் கடைசியில் பிறக்கும் பிள்ளை ஐப்பசி மழைக்கு ஆறு மாதத்தை நெருங்கிவிடும். அப்போது அவை பயன்படும். சஃபரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கடைகளில் தொங்கும் கம்பளி உடுப்பு குளிர்ந்த கடைக்குள் இருந்து பார்க்கும்போதுதான் அழகு. இறங்க வேண்டிய இடம் நெல்லைச் சீமை என்பதை நினைத்து வாங்குங்கள்.

எதுவாயினும் புதுத் துணியை ஒரு முறை துவைத்து வெயிலில் உலர்த்திய பின்பே உடுத்துங்கள். கையுறை, காலுறையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தொங்கும் ஒரு நூல், உதிர்ந்த ஒரு தலைமுடி, பிள்ளையின் விரலில் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது உண்டு. காரணம் தெரியாமல் பிள்ளை விடாது அழுதால் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊக்கு, கழுத்துக் கயிறு, நீண்ட நாடா எதுவும் வேண்டா.

துணி சுற்றும் முறையிலும் ஒரு செய்தி உண்டு. கால் வளையாமல் நேராக வளர வேண்டும் என்று இரு கால்களையும் நீட்டிச் சேர்த்து இறுகச் சுற்றுகிறார்கள். பிள்ளையின் கால் தவளைக் காலைப் போல மடங்கி விரிந்திருப்பதே இயற்கை. நீட்டிக் கட்டினால் இடுப்பு மூட்டு அதன் கிண்ணத்திலிருந்து விலகக்கூடும். ஜப்பானில் இவ்வாறு சுற்றும் வழக்கம் இருந்தது. 1975-ஐ ஒட்டி, கால்களைக் கட்டாதீர்கள் என்று பாட்டிமார்களுக்கும் தாய்மார்களுக்கும் அந்நாட்டு மருத்துவர்கள் எடுத்துச் சொல்லத் தொடங்கிய பின், இடுப்பு விலகிய பிள்ளைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோயிற்று. மார்பைச் சுற்றும் துணியில் உங்கள் விரல் இரண்டு நுழையட்டும். இடுப்புக்குக் கீழே தளர்வாகவே இருக்கட்டும். தானே புரள முயலும் பருவத்தில் சுற்றுவதையே நிறுத்திவிட வேண்டும்.

கடைசியாக, நம் வீட்டு இரும்புப் பெட்டிகளைப் பற்றி. மூத்த பிள்ளைக்குப் போட்ட உடுப்பு, உம்மா வளர்ந்த கம்பளிச் சால்வை, மாமிக்குச் சீராக வந்த வெல்வெட் விரிப்பு என்று எல்லாவற்றையும் பெட்டியில் மடித்து வைத்து, பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டு வைப்பது நம் வழக்கம். பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள். பிள்ளை பிறந்ததும் ஆசையோடு அதை எடுத்துப் போர்த்துகிறோம். அந்த உருண்டை நாப்தலீன் என்னும் பொருளால் ஆனது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதிப்பொருள் குறைவாக இருக்கும், பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு. பார்த்தால் வேற்றுமை தெரியாது. அத்தகைய பிள்ளை அந்தத் துணியின் ஆவியை முகர்ந்தால், அல்லது அது தோலில் பட்டால், சிவப்பணுக்கள் உடைந்து நொறுங்குகின்றன, இரத்தம் குன்றுகிறது, மஞ்சள் காமாலை கடுமையாக ஏறி மூளையையே தாக்கக்கூடும். எண்ணெய் தேய்த்த மேனியில் அது இன்னும் எளிதாக ஊறும். எனவே பிள்ளையின் உடுப்புள்ள பெட்டியில் அந்துருண்டையே வேண்டா; உலர்ந்த வேப்பிலை போதும். ஏற்கெனவே அந்துருண்டை வாசம் ஏறிய துணியைப் பச்சிளம் பிள்ளைக்கு உடுத்தவோ போர்த்தவோ விரிக்கவோ வேண்டா. அறியாமல் ஏற்கெனவே போர்த்தியிருந்து, பிள்ளையின் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால், அல்லது சிறுநீர் கறுத்துப் போனால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளையைப் போர்த்திய துணி எது, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.